விடு

சின்னவளுக்கு,

கோப்பையை ஜெயித்ததற்கு வாழ்த்து. புது நாட்டுச் சட்டை உனக்கு எடுப்பாகத்தான் இருந்தது. நீ அந்த அணிக்குப் போனதிலிருந்து அம்மா என்னைத்தான் சமாதானப்படுத்துகிறாள். "அவளுக்கு அங்க கை நிறைய குடுக்கறாங்க. நீ ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்கிறாள். இங்கே நம் டென்னிஸ் சங்கம் கொடுப்பது வழிச்செலவுக்கே பற்றாது என்று எனக்குத் தெரியாதா?

இறுதி ஆட்டத்தில் உங்களிடம் கடைசிப் புள்ளியை நான் எப்படி விட்டேன் என்று கோச் இன்னும் குடைந்துகொண்டிருக்கிறார். வெயிலில் கண் கூசியது என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கு வெயிலே இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நான் அடித்த பந்து உங்கள் இருவருக்கும் நடுவே வந்தது. நீ உன் ஜோடியைப் பார்த்து "விடு" என்று கத்தினாய். இத்தனை வருஷம் உன்னோடு ஜோடியாக ஆடிய பழக்கம், வலைக்கு இந்தப் பக்கம் நின்ற என் மட்டை தானாகத் தாழ்ந்துவிட்டது. நீ திருப்பி அடித்த பந்து என்னைத் தாண்டிப் போனது.

தோற்றதுகூடப் போகட்டும். உன் புது ஜோடிக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூட வராது என்றாயே. நீ கத்தியதும் அவளும்தானே விலகினாள்? எப்போது சொல்லிக்கொடுத்தாய்? "நான் விடுன்னா யோசிக்காம விட்டுரணும், சரியாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, அப்படியேவா?

காசுக்காகத்தான் போனேன் என்று ஒரு வரி எழுதிவிடு. நம்பிக்கொள்கிறேன்.

உன் அக்கா