முதல் பந்தியில் நீ

அம்மா,

திண்டிவனத்து வாடகை வீட்டில் இன்று முருங்கைக்கீரை வதக்கினேன். வேர்க்கடலையை, உன் பேச்சில் மல்லாட்டையை, வறுத்துப் பொடித்துத் தூவியதும் எழுந்த மணத்தில் நம் விழுப்புரத்துச் சமையலறை வந்துவிட்டது. அங்கே வெகுகாலம் இந்தப் பொரியல் உன் தட்டுவரை வந்ததேயில்லை.

அப்பா சைக்கிள் கடையைச் சாத்திவிட்டு வரப் பத்து மணியாகும். நாங்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் நீ உட்காருவாய். கீரை தீர்ந்திருக்கும். மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் குழம்புச் சட்டியிலேயே பிசைந்து முடிப்பாய். பிறகு விடியும்வரை தாகமும் புரளலும்தான். "வயசானா தூக்கம் வராதுடி" என்பாய். உனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

கண்ணில் புரை விழுந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார்கள். பரிசோதனைக்கு முன் சில நாள் பத்தியம் இருந்து தப்பிக்கப் பார்த்தாய். டாக்டரம்மா மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையை எழுதிவிட்டார்.

"என்னை ஏமாத்தலாம்மா, ரத்தத்த ஏமாத்த முடியாது. ஏழு மணிக்கே சாப்புடுங்க. கீரை, பருப்பு, முட்டை மொதல்ல. சோறு கடைசியா, கொஞ்சமா."

மாத்திரைக்குச் சம்மதித்த நீ இதற்குச் சம்மதிக்கவில்லை. "ஆம்பள வர்றதுக்குள்ள சோத்துல கைய வெச்சா ஊரு சிரிக்கும்."

"ஊருக்குக் கண்ணு தெரியுது. உனக்குத்தான் தெரியல" என்றேன்.

மறுநாளிலிருந்து ஏழு மணியானால் கடையிலிருந்து அப்பாவின் போன் வரும். "சாப்ட்டுக்கினு இருக்கியா, கத வுடுறியா? மெல்லுற சத்தம் கேக்கட்டும்."

"பேஜாரு புடிச்ச மனுசன்!" என்பாய், வாய் நிறையக் கீரையோடு.

முதலில் அடுப்போரம் வாசலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டே சாப்பிட்டாய். பிறகு உட்கார்ந்தாய். ஒரு காலையில் நாங்கள் எல்லோருமே நேரம் கழித்து விழித்தோம். எழுப்ப வேண்டிய நீ தூங்கிக்கொண்டிருந்தாய். "எழுப்பாதடி" என்று அப்பா கிசுகிசுத்தார். அன்று நான் பஸ்ஸை விட்டேன். அத்தனை சந்தோஷமாக வேறெந்த பஸ்ஸையும் விட்டதில்லை.

சர்க்கரை இறங்கியது, ஆபரேஷனும் நடந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "ஏண்டி இப்டி கறுத்துட்ட?" என்றாய்.

பிறகு ஒரு மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதற்கு முன் சில வருடங்கள் நீ தெளிவாகப் பார்த்தாய், நன்றாகத் தூங்கினாய். அதை நினைத்தால் இப்போதும் என் மூச்சு சீராகிறது.

இங்கே என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வர நேரமாகும். நான் ஏழு மணிக்குத் தட்டெடுத்து உட்கார்ந்துவிடுகிறேன். முதல் நாள் மாமியார் வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நேற்று மாமியாரும் ஒரு தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் இந்நேரத்துக்குதாம்மா பசிக்கும்" என்றார்.