பதின்மூன்றாம் பக்கத்துப் பல்லி

போர்ட் ஆன்டோனியோ, ஜமைக்கா
வியாழன் காலை

அன்பு மகள் நொவெலெட்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் என் முழங்காலும் சுமாரான நலம். உன்னையும் பர்மிங்ஹாம் மழை விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது போனில் பேச முடியாததால் எழுதுகிறேன். சனிக்கிழமை விமானம் ஏறும் பக்கத்து வீட்டு மிஸ் ஐசில்டாவின் மகன் கொண்டுவந்து தருவான். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. கெஸியாவின் சாப்பாடு.
2. நான் நடத்தும் பாடம்.
3. அவள் ஊர் திரும்பும் டிக்கெட்டை ஆகஸ்டிலிருந்து அடுத்த வாரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது என்பது.

ஆக்கிப் பழமும் உப்பு மீனும் சமைத்து வைத்தால், முட்டைப் பொரியல் மாதிரி இருக்கு ஆனா முட்டை இல்லையே என்று தட்டைத் தள்ளுகிறாள். வந்து எட்டு நாளாகியும் பெட்டியைப் பிரிக்கவில்லை, ஒவ்வோர் உடுப்பாக உருவிக்கொண்டு மறுபடி ஜிப்பை இழுத்து மூடிவிடுகிறாள். நம் நாட்டு உயிர்களை அறிமுகப்படுத்த இருபத்துநான்கு பக்க நோட்டு ஒன்று தயாரித்தேன். டாக்டர் பறவை என்று நாம் சொல்லும் ரீங்காரச்சிட்டின் வாலை அளவுகோல் வைத்து வரைந்துகொண்டிருந்தபோது நிஜப் பறவையே ஜன்னலில் வந்து நின்றது, முதலில் படத்தை முடிப்போம் என்றேன். எட்டு வயதுக் குழந்தை கொட்டாவி விடாமல் என்ன செய்யும். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை, அதை வரிசையில் சேர்க்கவில்லை.

வெள்ளி

நேற்று இந்த இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. கெஸியா நோட்டோடு வந்து, தாத்தா, பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு வருதே, பதிமூணு எங்க என்றாள். எண்ணுவதில் தவறியிருப்பேன் என்றேன். பொய். பதின்மூன்று பல்லிக்கு உரியது, பயத்தில் வரையாமல் விட்டேன். அவள் விடாமல் கேட்டு உண்மையை வாங்கிக்கொண்டு, வீடெல்லாம் தேடி, என் சர்ச் தொப்பியின் பெட்டியைத் திறந்தாள். உள்ளிருந்து சாண் நீளத்துக்கு ஒன்று வெளியே வந்து கர்கர் என்றது. நான் மேசைமேல் எப்படி ஏறினேன் என்று என் முழங்காலுக்கே தெரியாது. துடைப்பத்தோடு ஓடிவந்த மிஸ் ஐசில்டா, விஷயம் தெரிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, டீச்சர், வீட்ட அதுக்கே எழுதிக் குடுத்துட்டு இங்க வந்துருங்க என்றாள். நீங்கள் வந்து விரட்டுங்களேன் என்றேன். துடைப்பம் வேணா தூக்கிப் போடுறேன், நான் வரமாட்டேன், நான் இன்னும் வாழணும் என்றாள்.

கெஸியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. பல்லிமேல் எனாமல் குவளையைக் கவிழ்த்து, அடியில் என் டாக்டர் பறவைப் பக்கத்தைச் செருகி, மாமரத்தில் கொண்டுபோய் விட்டாள். விரல் எல்லாம் குட்டிக் கரண்டி மாதிரி இருக்கு தாத்தா, பயப்படாம பாருங்க என்றாள். ஒரு கண்ணால் பார்த்தேன். மத்தியானம் ஆக்கி இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிறகு பதின்மூன்றாம் பக்கத்தை அவளே வரைந்தாள். தொப்பிக்கு அடியில் வெள்ளையாக ஒரு முட்டை இருக்கிறதாம், பொரிக்கும்வரை யாரும் பெட்டியைத் தொடக்கூடாதாம். ஞாயிறு நான் வெறுந்தலையோடுதான் சர்ச்சுக்குப் போக வேண்டும். சாயங்காலம் அவள் பெட்டி காலியாகிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று, உடுப்பெல்லாம் அலமாரியில்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. மையில் எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டிருக்கிறேன். டிக்கெட்டைத் தொடாதே.

உன் அப்பா,
லின்வல்