அழித்த கோடு

19.2.1991, செவ்வாய், ஸ்ரீவில்லிபுத்தூர்

இன்று ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கு பிளஸ் டூ பிராக்டிகல் பரிசோதகராகப் போயிருந்தேன். ஸ்பிரிங்கில் எடைகளை மாட்டி, எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் சோதனை. பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் போன வருஷத்து ரெக்கார்டு நோட்டின் அளவுகளை அப்படியே எழுதி, கிராஃப் தாளில் ஒரே நேர்கோட்டை இழுத்திருந்தார்கள். சேத்தூரிலிருந்து வரும் ஒருத்தியின் கோடு மட்டும் கடைசியில் வளைந்திருந்தது.

நானே மாட்டிப் பார்த்தேன். கடைசி இரண்டு எடைக்கு ஸ்பிரிங் தாறுமாறாக நீண்டது. கழற்றிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவள் எழுதியது அத்தனையும் சரி. தாங்கும் அளவு வரைதான் நேர்கோடு என்று புத்தகமே சொல்கிறது.

அங்குள்ள இயற்பியல் ஆசிரியருக்கு இருபது வருஷ சர்வீஸாம். "ஸ்பிரிங்கு கெட்டுப்போச்சுன்னா புஸ்தகத்தப் பாத்துச் சரியா எழுத வேண்டாமா டீச்சர்?" என்றார். கெட்டுப்போன ஸ்பிரிங்காவது உண்மையைச் சொன்னது. இந்த மனுஷன் பொய்க்கு மாசாமாசம் சம்பளம் வாங்குகிறார்.

அவளிடம் ரப்பரை நீட்டினார். "ஏட்டி, அழிச்சிட்டு நேரா இழு."

"எனக்கு இப்பிடித்தான் காட்டுச்சு சார்," என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசோதகராக வரப்போகிறவர் அவர்தான். நான் ஸ்பிரிங்கைப் பார்த்தேன்.

எல்லாருக்கும் முழு மார்க். அவள் எவ்வளவு தேய்த்தும் அந்த வளைவின் தடம் தாளிலிருந்து போகவில்லை. அதற்கு நேர் கீழேதான் என் கையெழுத்து இருக்கிறது.