கரியா ஸ்டேஷனில் எழுந்திருக்கிற முறை

பாலிகஞ்ச், கொல்கத்தா
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்பு மகள் சாய்பிரியாவுக்கு, அப்பா பழனிசாமி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி அபிநவும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். மும்பையில் நீயும் மாப்பிள்ளை தீபக்கும் சுபிக்ஷாக் குட்டியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தொடங்குகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். அம்மாவுக்கும் தோன்றிவிட்டது. ஏனுங்க, அம்மிணிக்கு ஏதாச்சும் பத்திரம் எழுதறீங்களா என்று கேட்டுவிட்டு லேக் மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் வாங்கப் போயிருக்கிறாள். அங்கே போனால் நாலு தமிழ் முகத்தைப் பார்த்துப் பேசாமல் வரமாட்டாள், அதனால் எனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அபிநவுக்கு சால்ட் லேக் ஆபீஸில் வேலை அதிகம், எங்களோடு தமிழில் ஆரம்பித்து பெங்காலியில் முடிக்கிறான், பெண் பார்க்கலாமா என்றால் பொரே, பொரே, அப்புறம் பார்க்கலாம் என்கிறான். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது, அது போனில் வாயில் வரவில்லை, அதனால்தான் பேனா.

போன வாரம் நீ அனுப்பிய வீடியோவை அம்மா பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். பத்லாபூரில் இரண்டு படுக்கையறை, பால்கனியில் நின்றால் மலை, குழந்தை ஓடுகிற அளவுக்குக் கூடம். இப்போது செம்பூரில் ஒற்றை அறையில் தொட்டில் மேல் துணி காயப்போட்டுக்கொண்டு இருக்கிறவளுக்கு அதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். டோம்பிவிலியில் பார்த்தது சின்ன வீடு, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் என்றாய். இந்த மாதக் கடைசிக்குள் எந்த ஊர் என்று சொல்லியாக வேண்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றும் கேட்டாய். பத்லாபூரிலிருந்து உன் பரேல் ஆபீஸ் போக ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று மாப்பிள்ளை தயங்கினதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை ஒரு வாரமாகச் சோறு தின்ன விடவில்லை. எங்கப்பா இருபத்தேழு வருஷம் பாருய்பூர்ல இருந்து போயிட்டு வந்தாரு, ட்ரெயின்தான் என்னோட ரெண்டாவது பெட்ரூம்னு சொல்லுவாரு, அவரால முடிஞ்சது என்னால முடியாதா என்றாயே. அந்த ரெண்டாவது பெட்ரூம் பொய், சாமி. அந்த ரயிலில் நான் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்ததே இல்லை. என் பொய்யை நம்பி நீ வீடு பார்க்கக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

95-இல் நாங்களும் உன்னைப் போலத்தான் ஊர் தேடினோம். உனக்கு ஒரு வயசு. லேக் மார்க்கெட் பின்னால் ஒற்றை அறை, சுவரெல்லாம் ஓதம், மழைக்காலம் வந்தால் உனக்கு இளைப்பு. பாருய்பூரில் கொய்யா மரத்தோடு வீடு கிடைத்ததும் இரண்டாவது யோசனை இல்லாமல் போய்விட்டோம். காலை எட்டு பதினேழு லோக்கலைப் பிடித்து, பாலிகஞ்சில் இறங்கி, பட்ஜ் பட்ஜ் வண்டி மாறி, மாஜேர்ஹாட்டில் பஸ் ஏறி கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் ட்ராயிங் போர்டு முன்னால் நிற்பதற்குள் பாதி ஆயுசு போய்விடும். அந்த எட்டு பதினேழில் எங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. முன்னால் ஏறினவன் பின்னால் ஏறுகிறவனுக்கு இடம் விடுவான், உட்கார்ந்தவன் நிற்கிறவன் பையை மடியில் வாங்கி வைத்துக்கொள்வான், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம், பாருய்பூரிலிருந்து உட்கார்ந்து வந்தவன் கரியா ஸ்டேஷன் வந்ததும் எழுந்து, சோனார்பூரில் ஏறி நின்றுகொண்டு வந்தவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறினதும் இல்லை. எனக்கு ஜோடி சோனார்பூர் பிஜன் நஸ்கர், நான் பிஜன்தா, பிஜன் அண்ணா, என்று கூப்பிடுவேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சீனி மாத்திரை ஜேட்டு என்று கூப்பிடுவாயே, அந்தப் பெரியப்பா. ஷியால்தா பக்கம் ஹோமியோபதி மருந்துக் கடையில் வேலை. உனக்குச் சளி என்று நான் வாய் திறந்தால் போதும், மறுநாள் ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பி வந்துவிடும். நீ சளி இல்லாமலே இருமிக் காட்டுவாய்.

2000-ஆம் வருஷம் ஜனவரி, பொங்கல் கழிந்து நாலாம் நாள். பனிமூட்டத்தில் ரயில் நாற்பது நிமிஷம் தாமதம், இரண்டு மூன்று ரயில் கூட்டம் ஒரே ரயிலில். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. சோனார்பூரில் பிஜன்தா ஏறினார், எனக்கு நேர் முன்னால் வந்து நின்று பையை என் மடியில் வைத்தார், குளிரைப் பற்றி ஏதோ கேலி சொன்னார். கரியா வந்தது. என் முறை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை, சாமி. முந்தின இரவு நன்றாகத்தான் தூங்கியிருந்தேன், உன் தம்பி கைக்குழந்தை, அவன்கூட அன்றைக்கு அழவில்லை. குளிராக இருந்தது, உட்கார்ந்த இடம் கதகதப்பாக இருந்தது, எழுந்திருக்க மனசில்லை. இதற்கு மேல் ஒரு காரணம் கிடைக்குமா என்று இருபத்தைந்து வருஷமாகத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ என் தோளைத் தட்டக் கை நீட்டினார்கள். பிஜன்தா தடுத்துவிட்டார். தாக், குமோக் என்றார். விடு, தூங்கட்டும், சின்னக் குழந்தை இருக்கிற வீடு, ராத்திரி கண்ணை மூட விட்டிருக்காது என்று அவர் பெங்காலியில் சொன்னதை மூடின கண்ணோடு ஓர் எழுத்து விடாமல் கேட்டேன். கரியாவில் ஏறின கூட்டம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பாகாஜதீன் தாண்டினதும் ஒரு சத்தம், அப்புறம் பல பேர் சத்தம், ரயில் நின்றது. அப்போதும் நான் சட்டென்று கண்ணைத் திறக்கவில்லை. தூங்கி எழுந்தவன் மாதிரி எழுந்திருக்க வேண்டுமே என்று ஒரு நொடி யோசித்தேன். அவர் விழுந்ததைவிட அந்த ஒரு நொடியை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பு. கண்ணைத் திறந்தபோது அவர் பை என் மடியில் இருந்தது. நல்லவேளை அண்ணா, நீ தூங்கிவிட்டாய், அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை என்று நாலு பேர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

அந்தப் பையை சோனார்பூரில் அவருடைய சாவு வீட்டுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி அதைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்தார், மூக்குக் கண்ணாடி உறையை எடுத்தார், அடியில் ஒரு குட்டிக் குப்பி இருந்தது, அதன்மேல் பெங்காலியில் சாய் என்று எழுதி ஒட்டியிருந்தது. இது உங்கள் குழந்தைக்கு என்று என் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ அதை ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டு, ஒரு மாதம் வரை ஜேட்டு எங்கே, ஜேட்டு எங்கே என்று கேட்டாய். ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டாரு என்றேன். நம்மைப் போல ட்ரான்ஸ்ஃபரில் ஊர் மாறி வந்த குடும்பங்களில் அந்தச் சொல்லுக்கு மேல் குழந்தைகள் கேள்வி கேட்பதில்லை. மருந்துக் கடைக்காரருக்கு ஏது ட்ரான்ஸ்ஃபர் என்று கேட்க உனக்கு வயசு போதவில்லை. அந்தக் குப்பி இன்னும் என் பீரோவில், பென்ஷன் காகிதங்களுக்கு அடியில் இருக்கிறது.

மறுநாளிலிருந்து எனக்கு முட்டி வலி, நின்றால்தான் தேவலை என்று சொல்லிவிட்டேன். இடம் காலியாக இருந்தாலும் நின்றேன். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, ரிட்டையர் ஆகிற வரைக்கும். என் காலில் நரம்பு சுருண்டிருப்பது வயசினால் என்று நீங்கள் டாக்டர் டாக்டராக அலைந்தீர்களே, அது வயசு இல்லை. அம்மாவிடம் நான் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் பழைய பேன்ட்டைக் கிழித்துக் கரித்துணி ஆக்கிக்கொண்டிருந்தவள், ஊர்ல எல்லா ஆம்பளைக்கும் பேன்ட்டு உக்கார்ற எடத்துலதானுங்க தேயும், உங்களுக்குச் செருப்பு மட்டும்தான் தேயுது என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் காலை வைக்கும்போது வாளியில் வெந்நீர், உப்புப் போட்டுத் தயாராக இருக்கும். ரிட்டையர் ஆகி இங்கே வந்த பிறகும் பிஜன்தா என்னை விட்டபாடில்லை. இந்த வீட்டு ஜன்னலில் ஸ்டேஷன் அறிவிப்பு நன்றாகக் கேட்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் ரயில் சத்தம் கேட்கிறதோ இல்லையோ, தாக், குமோக் என்கிற குரல் கேட்டுவிடுகிறது, காதோரத்தில், பீடி வாசனையோடு. அப்பா டிவி முன்னால் முழித்துக்கொண்டே கிடக்கிறார் என்று அம்மா உன்னிடம் புகார் சொன்னாளே, அது இதனால்தான்.

நீ கேட்ட பிறகு போன செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் பாருய்பூருக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஓர் உடம்பு என்ன பாடுபடும் என்று பார்த்துவிட்டு உனக்கு நேர்மையாகப் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். திரும்பும்போது ஆபீஸ் கூட்டம். சோனார்பூரில் ஒரு பெண் எழுந்து, போஷுன் தாது, உட்காருங்கள் தாத்தா என்றாள், வேண்டாம் என்றேன். கரியாவில் ஏறின கூட்டம் என்னைத் திருப்பிப் போட்டுவிட்டது, வாசலுக்கு முதுகு, உட்கார்ந்தவர்களுக்கு முகம். எனக்கு நேர் கீழே ஒரு பையன், உன் தம்பி வயசு, கழுத்தில் ஆபீஸ் அட்டை. பக்கத்தில் ஒருத்தர் கைத்தடியோடு வந்து நின்றதைப் பார்த்தான், உடனே கண்ணை மூடிக்கொண்டான். உட்கார்ந்தவன் முகத்தை நின்ற இடத்திலிருந்து இருபத்தைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். தூங்குகிறவனுக்கு வாய் தளரும், தலை ரயிலோடு ஆடும். இவனுக்கு இமை துடிக்கிறது, விரல் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தூக்கமில்லை என்று சுபிக்ஷாவுக்குக்கூடத் தெரிந்துவிடும், அம்மிணி. பிஜன்தா நின்றதும் அதே தூரத்தில்தான். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வார்த்தையை மற்றவர்களுக்கு அல்ல, எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். யாரோ அந்தப் பையனைத் தட்டி எழுப்பக் கை நீட்டினார்கள். நான் யோசிப்பதற்குள் என் வாய் தாக், குமோக் என்று சொல்லிவிட்டது. அந்தப் பையனின் இமை துடிப்பது நின்றது. பாலிகஞ்ச் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. இதில் ஆறுதல் இருக்கிறதா என்று கேட்காதே. இத்தனை வருஷம் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்து அழுதேன், இப்போது அவர் என்னைத் தெரிந்தே பொறுத்துக்கொண்டார் என்று நினைத்து அழுகிறேன், இதுதான் கனமாக இருக்கிறது.

அதனால் நான் சொல்வது டோம்பிவிலி. மலை தெரிகிற பால்கனி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தினமும் மூன்று மணி நேரம் நெரிபட்டால் நல்ல மனுஷிக்கும் ஒருநாள் மனசு சுருங்கிவிடும், அது எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. நான் கெட்டவன் இல்லை, களைத்தவன்கூட இல்லை அன்றைக்கு, பழகிப்போனவன், அவ்வளவுதான். டோம்பிவிலியிலேயே புறப்படுகிற ரயில் இருக்கிறது என்று நீதான் சொன்னாய், சுபிக்ஷா தூங்குவதற்குள் வீடு வந்து சேரலாம். குழந்தை கண்ணைத் திறந்திருக்கும்போது அவளைப் பார்க்கிறதற்கு ஈடாக எந்த மலையையும் சொல்லாதே, எனக்கு உங்கள் இருவரின் சின்ன வயசு பெரும்பாலும் தூங்குகிற முகமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. முடிவு உன்னுடையது, மாப்பிள்ளையோடு கலந்து பேசிச் செய், பத்லாபூர்தான் என்றாலும் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன், என் ரெண்டாவது பெட்ரூமை மட்டும் கணக்கில் சேர்க்காதே. இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்து அழாதே, அம்மா பக்கத்தில் இருப்பாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிடு, ஜேட்டுவைப் பற்றி உனக்கு வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று சொல், கேட்க வேண்டும் போல இருக்கிறது. கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் பார்சலில் வருகிறது, குழந்தைக்கு நெய் விட்டுப் பிசைந்து கொடு.

வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் எந்த ஊரில் குடியேறினாலும் அந்த வீட்டில் நோய் நொடி அண்டாமல், மனசு குளிர்ந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நம் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். மறந்துவிடாமல் ஒன்றே ஒன்று. ரயில் எவ்வளவு காலியாக இருந்தாலும் வாசலில் நிற்காதே, உள்ளே போ. இடம் கிடைத்தால் உட்கார், சாமி, அப்பாவைப் போல வீம்பு பிடிக்க வேண்டாம். உன் முறை வந்தால் எழுந்துவிடு.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
க. பழனிசாமி