ஞாயிற்றுக்கிழமை ஈரம்

மாமா,

இன்று காலை கூடத்துக் கதவைத் திறந்ததும் நனைந்த சுண்ணாம்பு வாசனை அடித்தது. போன புயலில் மொட்டை மாடித் தளத்தில் விழுந்த விரிசல் வழியாக நேற்றைய மழை இறங்கியிருக்கிறது. தெற்குச் சுவரில், அலமாரிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஈரம். அதே இடம்தான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தத்துக்கு முன்னால் கட்டிய வீடு என்று தரகர்கள் வாங்க வருகிறவர்களிடம் சொல்லும்போது நீங்கள் ஒருமுறை, "எந்த யுத்தம்னு கேக்காம விட்டுட்டானே" என்று என் காதில் சொன்னீர்கள். மஞ்சக்குப்பத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் குடியிருக்கும் தெரு. பர்மா தேக்குக் கதவு, சிவப்புத் தரை, தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் உத்தரம். கீழ்த்தளத்தை அப்பாவே விற்றுவிட்டார். மேல்தளம் அக்காவுக்கும் எனக்கும். அக்கா உங்களைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போனாள். கல்யாணம் செய்துகொள்ளாத நான், ஆபீஸ் நடந்து போகிற தூரம் என்று இங்கேயே தங்கிவிட்டேன்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் அக்கா ஃபோன் செய்தாள். "ஏன்டி, பேசாம வீட்ட வித்துடலாமா?"

"உன் இஷ்டம்க்கா" என்றேன்.

உங்கள் பெண் காலேஜ் சேரும் சமயம். தேவை இருக்கும், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.  பிறந்ததிலிருந்து வேறு வீட்டில் தூங்கி எழுந்து பழக்கமில்லை எனக்கு. எங்கே போவேன் என்று பயமாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்க ஆள் வந்தார்கள். வீட்டு ஆம்பளை என்று நீங்கள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவீர்கள். வந்ததும், "மார்க்கெட்ல நெத்திலி கெடைக்குதா பாரேம்மா" என்று என்னை அனுப்புவீர்கள். பத்து மணிக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், முகம் மலரும். பிறகு தெற்குச் சுவரைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

எனக்கு எதையும் குடைந்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் குழாய் இல்லை. மழையும் இல்லை. வெள்ளி, சனியெல்லாம் சுக்காகக் காய்ந்து கிடக்கிற சுவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி நனைகிறது? ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன். அடுத்த வாரம் வேறு கோடு, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. நீங்களும் இடுப்பில் கைவைத்து நின்று அந்தக் கோடுகளை அக்கறையாகப் பார்ப்பீர்கள். "கடல் பக்கம்ல, உப்புக்காத்து" என்பீர்கள். உப்புக்காற்று கிழமை பார்த்து வீசுமா மாமா? கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது உள்ளாற இருந்து வர்ற ஈரமில்லம்மா" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானே ஊற்றுகிறேன் என்று நினைத்திருப்பார்.

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை வந்துவிட்டார். சுவர் காய்ந்திருந்தது. வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸோடு வருகிறேன் என்றார். அன்றைக்கே அக்காவுக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறு நீங்கள் வழக்கம்போல் நெத்திலிக்கு அனுப்பினீர்கள். தெருமுனை வரை போனவள் பர்ஸை மறந்து திரும்பினேன். கூடத்தில் நீங்கள் பனியனோடு நின்று, வாளித் தண்ணீரில் தோள் துண்டை முக்கி முக்கிச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன மாமா பண்றீங்க?"

நீங்கள் திரும்பவே இல்லை. "இந்த வீட்ட வுட்டா நீ எங்கம்மா போவ?"

"அக்காகிட்ட நேரா சொல்லலாம்ல?"

"இது உங்க அப்பா வீட்டு சொத்து. மருமவன் நான் வாயத் தொறந்தா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள். பிறகு மெதுவாக, "உங்கக்காவுக்குத் தெரிஞ்சா எனக்கு மானம் போயிரும், சொல்லிடாத" என்றீர்கள்.

நான் வாளியைத் தூக்கிக் கிட்டே வைத்தேன். வேறென்ன செய்ய?

வியாபாரி சுவரில் உள்ளங்கையை வைத்தார், மோந்து பார்த்தார். "முந்திரிக்கும் ஆவாது, வீட்டுக்கும் ஆவாதுங்க ஈரம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவரோடு செய்தி ஊரெல்லாம் போய், அப்புறம் ஒருவரும் வரவில்லை. அன்றைக்கு நெத்திலிக் குழம்பு வைக்கவே இல்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினீர்கள். துண்டு அப்போதும் காயவில்லை. அக்காவுக்குப் பணமுடையை உண்டாக்கிவிட்டோமோ என்ற உறுத்தல் மட்டும் எனக்குப் போகவில்லை.

நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது. இன்று நான் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா ஃபோன் செய்தாள். "அவரும் இல்ல. நீ எதுக்குத் தனியா கெடக்குற? வீட்ட வித்துட்டு என்கூட வந்துடு."

"உன் இஷ்டம்க்கா" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்காகச் சுவரை நனைக்க இப்போது யார் இருக்கிறார்கள்?

"வேணாங்க்கா. எனக்கு இங்கியே இருக்கணும். அன்னைக்கும் விக்க மனசில்ல. உனக்குத் தேவையோன்னுதான் சரின்னேன்."



"எனக்கு என்னடி தேவை? நீதான படி ஏறுனா முட்டி வலிக்குதுன்ன? ஒனக்காவத்தான் விக்கலாம்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "இத அப்பவே சொல்லியிருந்தா, வாரா வாரம் அவரு துண்டுல இருந்த சுண்ணாம்புக்கு நான் சோப்பு போட்டுச் செத்திருக்க வேணாம்."

தெரியுமாம் மாமா, அவளுக்கு. தெரிந்துதான் துவைத்துக் காயப்போட்டு, அடுத்த ஞாயிறு உங்கள் தோளில் போட்டு அனுப்பியிருக்கிறாள். நாங்கள் இருவரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதோம்.

நாளைக்குக் கொத்தனார் வருகிறார். விரிசலை அடைத்து, கூடம் முழுக்க வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். பென்சில் கோடு போட்ட இடத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்.

"எங்க மாமா வாயத் தொறக்காமப் பேசுனது அது" என்றேன்.