செவலை நுழைந்த வீடுகள்

கோபாலபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் புவனா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் நிம்மதியாக இருக்கும். போனை எடுக்காதவருக்குக் கடிதம்தான் வழி. பால் வண்டி சாமுவேலிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்காவது முகம் கொடுங்கள்.

வேலைக்காகக் கேரள எல்லையோரம் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். முன்பெல்லாம் என்னைப் போல மாட்டு டாக்டர் வந்தால் மோர் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். இப்போது ஜீப்பைக் கண்டாலே, "இங்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அடுத்த ஊரைப் பாருங்க" என்று வாசலிலேயே மறித்துவிடுகிறார்கள். தோல் கழலை நோய் இருக்கிறது என்று சொன்னால் நாங்கள் சந்தையை மூடிவிடுவோமாம். பகலெல்லாம் இப்படி அலைந்துவிட்டு, வந்து எனக்கு மட்டும் சோறு வடிக்கிறேன். நீங்களும் தனியாகத்தானே வடிக்கிறீர்கள், உங்களுக்கு இது புரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கேரளத்துப் பக்கம் மூன்று ஊர்களில் இந்த நோய் கண்டது. அவர்கள் ஒரே சந்தையில் மாடு வாங்கவில்லை, ஒரே இடத்தில் தீவனமும் எடுக்கவில்லை. எப்படி எல்லை தாண்டியது என்று மண்டை காய்ந்தது. போன வாரம் பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் நாச்சியம்மாள் என்பவர் தன் புதுமனை புகுவிழாப் படங்களைக் காட்டினார். நடுக்கூடத்தில் கன்றோடு நம் செவலைப் பசு நிற்கிறது! கழுத்து முழுக்க மஞ்சளை அப்பியிருந்தார்கள். அதற்கடியில் கழலைகள். ஏதோ பூச்சி கடித்த தடிப்பு என்று நினைத்திருப்பீர்கள். மற்ற இரண்டு ஊரிலும் விசாரித்தேன். அங்கேயும் புது வீடு, அங்கேயும் செவலை.

"பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரியவருங்க. வண்டி வாடகைகூட வாங்கலீங்க, அப்படியொரு மனுசன்" என்று நாச்சியம்மாள் சொன்னார். அவர் என் அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜீப்பில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

யார் வீடு கட்டினாலும் முதல் அடியைச் செவலைதான் வைக்க வேண்டும் என்பதில் உங்களுக்கு எவ்வளவு பெருமை! சரவணம்பட்டி அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் ஏற்றப் பார்த்தபோது அது அடம் பிடித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். அம்மா போன பிறகு அந்த விழாக்களில்தான் நாலு பேரைப் பார்த்தீர்கள். தெரியாமல் நடந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. செவலைக்கு நோய் என்று தெரிந்த பிறகு கதவை அடைத்துக்கொண்டீர்களே, அதற்குத்தான்.

"மாட்டுக்கு அம்மை போட்டிருக்குதுன்னு உங்கப்பா வாசல்ல வேப்பிலை கட்டியிருக்காருங்க அம்மணி, யாரும் உள்ளே போறதில்லை" என்றார் பக்கத்துத் தோட்டத்துத் தனபால் அண்ணன். வேப்பிலை ஆட்களைத்தான் நிறுத்தும், ஈயையும் கொசுவையும் நிறுத்தாது. நம் மற்ற மாடுகளும் அவருடைய கன்றுகளும் தப்ப வேண்டுமென்றால் இப்போதே ஊசி போட வேண்டும். செவலையை யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். தனியாகக் கட்டி வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

நோய் எப்படிப் பரவியது என்று துறைக்கு அனுப்பும் அறிக்கையில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். எழுதாமல் இருக்க முடியாது, அப்பா.

வியாழக்கிழமை காலை ஊசி போட எங்கள் துறை மாரப்பன் டாக்டர் வருவார். சொந்த வீட்டு மாடுகளை நானே பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நோய் கண்ட கொட்டில்களில் புழங்கிவிட்டு உள்ளே வர எனக்கும் பயம். அவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

நான் வாய்க்கால் மேட்டில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு, அவர் வேலை முடியும் வரைக்கும் நிற்பேன். ஒரு தரம் வெளியே வந்து நில்லுங்கள், அப்பா. பேச வேண்டாம். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள்
புவனா