ட்ரெயிலரின் முதல் சுமை

ஜூன் 14, சனி. வெக்கை.

இல்லை, மூடியது வேண்டாம். திறந்ததே போதும். காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அத்தானுக்கு மூடிய ட்ரெயிலர்தான் ஆசை. ட்ரெயிலர் என்றாலே அவர் வாயில் ‘பெட்டி’. ஊரில் ட்ராக்டருக்குப் பின்னால் இழுபடுவதன் பெயர். அவரும் அக்காவும் வார இறுதிகளில் கலியாணங்களுக்கு மணவறை போடுகிறவர்கள். தங்கநிறத் தூண்கள், சிம்மாசனம் மாதிரி இரண்டு கதிரைகள், துணிப்பூ. வழக்கமாக வாடகை வான். ஆனால் ஜூலை முதலாம் தேதி வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து மொன்றியலே வீடு மாறும்; அந்த வாரம் எங்கும் வான் கிடையாது. ஐந்தாம் தேதி லாவாலில் கலியாணம். ஆகவே ட்ரெயிலர்.

இழுக்கப்போவது என் கார். அத்தானுடைய காரின் அடிப்பாகத்தைப் பனிக்கால உப்பு தின்றுவிட்டது. அதில் கொக்கி பூட்ட முடியாதாம்.

“மழை வந்தா சரிகை எல்லாம் நாசம், பிள்ளை.”

“தறப்பாள் கட்டலாம் அத்தான். மூடினதின்ரை சொந்தப் பாரமே என்ரை கார் இழுக்கிறதிலை பாதி.”

“ஊரிலை ஒரு பெட்டியிலை கலியாண வீடே ஏறும்.”

“அதை இழுத்தது ட்ராக்டர்.”

பாரம் உண்மை. காரின் கையேட்டில் பார்த்தேன். ஆனால் அது மட்டுமல்ல. மூடியதன் கதவு குறுகல். என் புத்தக அலுமாரி அதற்குள் போகாது.

ஜூன் 17, செவ்வாய். மழை.

ஜூலை முதல் எனக்கு நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். கையெழுத்து வைத்தது ஏப்ரலில். இன்னும் அக்காவுக்குச் சொல்லவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. செயின்ட்-மிஷேலில் அவர்கள் வீட்டில் என் அறை பெரியதுதான். ஆனால் தூண்கள் அங்கேதான் சாய்ந்து நிற்கின்றன. மேசைக்கு இடமில்லாமல் மணப்பெண்ணின் கதிரையில் இருந்துதான் முதுகலை ஆய்வேட்டையே எழுதி முடித்தேன். பெரும் தங்கக் கைப்பிடிகள். முழங்கை வைத்தால் தங்கப் பவுடர் ஒட்டும்.

ட்ரெயிலர் பார்க்கிறேன். மரத்தளமா, கம்பிவலைத் தளமா. நாலடி அகலமா, ஐந்தா. நீளம் எட்டடி: தூணுக்கு என்று சொல்கிறேன். கட்டிலுக்கும் அதுவே.

எல்லாவற்றையும் இரண்டு தடவை அளக்கிறேன். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்று எனக்கு.

தூக்கம் சரியில்லை. ஷாம்பூ முடிந்துவிட்டது.

ஜூன் 21, சனி. நல்ல வெயில்.

அத்தானும் நானும் லாவாலுக்கு. வேலிக்குள் ட்ரெயிலர்கள் வரிசையாக, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு. கார் இல்லாதபோது அவற்றுக்கு எப்படி நிற்பது என்றே தெரியாது போலும். பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

விற்பவர் தொப்பி போட்ட கெபெக் மனிதர். என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டார். அத்தான் தன் பிரெஞ்சில், “கலியாணம்.” அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மணப்பெண் நீங்களா?

“நோன்,” என்று மறுத்தேன். தேவைக்கு மேல் சத்தமாக.

அத்தான் தமிழில்: “ஏன் அந்தாளிலை பாயிறாய்? வாழ்த்தத்தானே வந்தது.”

துத்தநாகம் பூசியது, திறந்தது, மரத்தளம், ஐந்துக்கு எட்டு. பாரத்தைச் சில்லுக்குச் சற்று முன்னால் வைக்கவேண்டும் என்றார் விற்பவர். பின்னால் கூடினால் ட்ரெயிலர் வாலாட்டும், காரையும் ஆட்டும். அத்தான் தூணின் நீளத்துக்குக் கையை விரித்து நின்று பார்த்தார். நான் மெத்தையை மனதுக்குள் விரித்தேன். இரண்டும் பொருந்தின.

“இதுதான்,” என்றேன்.

“உனக்குப் பிடிச்சுதெண்டால் சரி,” என்றார். அதற்குப் பிறகு வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய். கெபெக் விடுமுறை. தெருவெல்லாம் நீலக் கொடி.

சொல்லிவிட்டேன். அக்கா துணிப்பூவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கை?”

“நோத்ர-டாம்-த-கிரேஸ்.”

“உந்த ஊருக்குள்ளையே? ரொறன்ரோ எண்டாலும் வேலைக்குப் போனவள் எண்டு சொல்லலாம். மெட்ரோவிலை போற தூரத்திலை, கலியாணமும் கட்டாமல், தனிய ஒரு வீடோ? சண்டையோ எண்டெல்லே ஆக்கள் கேப்பினம்.”

“சண்டை இல்லையே அக்கா.”

“அதைத்தான் சொல்லுறன். சண்டை எண்டால் ஒரு காரணமாவது இருந்திருக்கும்.”



வான் இல்லை, ஆகவே முதலாம் தேதிக்கு ட்ரெயிலர் வேண்டும் என்று அதே மூச்சில் கேட்டேன். அவசரம். அடுத்த நாள் கேட்டிருக்கலாம்.

“மணவறை ஏறவேண்டிய பெட்டி. முதல் முதல் உன்ரை மெத்தையோ அதிலை ஏறுறது?”

இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம். வெகுநேரம்.

ஜூன் 28, சனி. மப்பு.

கொக்கி பூட்டியாயிற்று. என் காருக்கு இப்போது ஒரு வால். லாவாலிலிருந்து நானே இழுத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் பின்னால் யாரோ துரத்துவது போல.

வாசலில் அத்தான் தேங்காயில் கற்பூரம் கொளுத்தினார். அக்கா எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். என்னோடு பேசுவதில்லை, அவரோடுதான்.

“காருக்கும் வைக்கோணுமோ?” அத்தான்.

“காருக்கு வாங்கேக்கையே வச்சதெல்லே. பெட்டிக்கு மட்டும் வையுங்கோ.”

இரண்டு சில்லு, இரண்டு பழம். கொக்கிப் பந்தில் குங்குமம் வைத்தாள். கிரீஸில் குழைந்து வழிந்தது. துடைக்கப் போனேன்.

“விடு,” என்றாள். நாலு நாளில் முதல் சொல்.

நசுங்கிய பழத்தின் மணம் கார் முழுக்க. ட்ரெயிலர் முதலாம் தேதிக்குக் கிடைக்குமா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிகளில் புத்தகம் அடுக்குகிறேன். எடுக்கிறேன். திரும்ப அடுக்குகிறேன்.

ஜூலை 1, செவ்வாய். விடியவே வெயில்.

தெருவெங்கும் மாடிப்படிகளில் குளிர்சாதனப் பெட்டிகள் இறங்கின. சோஃபாக்கள் நடைபாதையில்.

மெத்தையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ட்ரெயிலரின் பின்கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது. அக்கா உள்ளே நின்றாள், இரவு உடுப்போடு, தங்கநிறத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி. தனியாகவே தூக்கிவந்திருக்கிறாள்.

“இது முதல் ஏறட்டும்,” என்றாள். “பேந்து உன்ரை மெத்தையை ஏத்து.”

தூணைத் தளத்தில் படுக்கவைத்தோம். பக்கத்தில் மெத்தை, அலுமாரி, புத்தகப் பெட்டிகள். பாரம் சில்லுக்குச் சற்று முன்னால். அத்தான் கயிறு கட்டினார். அக்கா வரவில்லை.

நெடுஞ்சாலையில் பக்கத்துக் காரில் ஒருத்தி தூணையும் மெத்தையையும் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்.

புது வீட்டு வாசலில் எல்லாம் இறக்கினோம். தூணில் கை வைத்தேன். அத்தான் தடுத்தார்.

“அது கிடக்கட்டும். பெட்டி வெறுமையாத் திரும்பக் கூடாதாம். உன்ரை அக்கா சொன்னவ.”

திரும்பி வரும் வழியில் தூண் உருண்டு உருண்டு இடித்தது. சிவப்பு விளக்கில் இறங்கி என் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன்.

செயின்ட்-மிஷேலில் அக்கா கதவைத் திறந்து வைத்திருந்தாள். சாப்பிட்டியோ என்று கேட்டாள். ஓம் என்றேன். சாப்பிடவில்லை. தூணை என் அறைக்கு, அந்த அறைக்கு, கொண்டுபோனேன். கட்டில் இருந்த இடத்தில் ஏற்கெனவே மணவறைக் கதிரைகள். அவளைக் கேட்காமல் துப்பட்டாவைத் தூணிலேயே விட்டேன்.

பின்சந்தில் ட்ரெயிலரைக் கழற்றிச் சில்லுக்குக் கட்டை வைத்தேன். சனிக்கிழமை கலியாணத்துக்கு ஆறு மணிக்கு வாறன் என்று அக்காவிடம் சொன்னேன். மேற்கே, என் வீட்டுக்கு ஓட்டினேன்.